கொடைக்குச் சொன்ன கீரையும் மைனியின் பூனைகளும்

எங்கள் குடும்பக் கோயிலில் கொடைத் திருவிழா நடத்துவதற்கு முன்னால் எல்லோரும் ஒருநாள் கூடி, யார் யார் என்ன தருவது என்று பேசி முடிப்பார்கள். ஆண்கள் முன்னால் பாயில் இருப்பார்கள். பெண்கள் பின்னால். நான் அந்தப் பெண்களுக்கும் பின்னால், சுவரை ஒட்டி இருப்பேன். அரிசி ஒருத்தர், தேங்காய் ஒருத்தர், பந்தல் ஒருத்தர் என்று சொல்லிக்கொண்டே வந்து, துவரன் பொரியலுக்குக் கீரை என்ற இடத்தில் பேச்சு நின்றுபோனது. போன கொடைக்குச் சந்தையில் வாங்கிய கீரையில் அவ்வளவு மண். பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் நறநறவென்று மென்ற சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேட்டது.

"கீரை நான் தாறேன்" என்று ஒரு குரல் வந்தது. யார் சொன்னது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

முன்னால் இருந்த என் வீட்டுக்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர், புரையேறி இருமினார். மைனி உடம்பை முழுசாகத் திருப்பி என்னைப் பார்த்தார். மைனி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் பக்கத்து வீடுதான். கல்யாணமாகி வந்த நாள் முதல் எனக்கு அவர் மேல் பயம்.

"ஏட்டி, நீயா பேசுன?"

"ஆமா மைனி."

"ஒனக்குத் தொண்டை உண்டா? இத்தன நாளும் எங்க வச்சிருந்த? செரி, கீரை எந்தம்பி வீட்டுல உள்ளது. எல்லாரும் கேட்டாச்சுல்லா? ஏட்டி, அம்மைக்கு முன்ன படைக்கப்போற சாதனம். சுத்தமா இருக்கணும். ஒரு மண்ணு கடிக்கப்பிடாது, பாத்துக்கோ."

நான் தலையை ஆட்டினேன். என்னிடம் இருந்த பேச்சு அதோடு தீர்ந்துவிட்டது.

சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. நான் கீரை கொடுக்காவிட்டால் அம்மன்கூட மன்னித்துவிடுவாள். மைனி மன்னிக்கமாட்டார். அடுத்த கொடையிலும் அதற்கடுத்த கொடையிலும், கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் சொல்லிக்காட்டுவார். ஒரு தடவை வாய் திறந்த எனக்கு, இனி ஆயுசுக்கும் திறக்க முடியாமல் போகும்.

மறுநாளே கிணற்றுக்குப் பக்கத்தில் பாத்தி கொத்தினேன். கட்டியெல்லாம் உடைத்து, கல் பொறுக்கி, புட்டுக்கு மாவு நனைத்ததுபோல் மண்ணைப் பொலுபொலுவென்று ஆக்கினேன். தண்டங்கீரை விதையை எறும்பு கொண்டுபோகாமல் இருக்க அரிசிமாவில் கலந்து தூவினேன். மேலே மெல்லிசாகச் சாம்பல். எல்லாம் முடித்து நிமிர்ந்து பார்த்தபோது எனக்கே அதில் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்படி நினைத்தது நான் ஒருத்தி மட்டும் இல்லை.

காலையில் தண்ணீர் தெளிக்கப் போனேன். பாத்தியின் நட்டநடுவில் மைனியின் கறுப்பும் வெள்ளையுமான பூனை உட்கார்ந்திருந்தது. அது எந்த வேலையாக உட்கார்ந்திருக்கிறது என்பது அதன் வால் நின்ற நிலையிலேயே தெரிந்தது. அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். பிறகு, வேறு யாராவதாக இருந்தால் கல்லை எடுத்திருப்பார்கள், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒருத்தர் அப்படி இருக்கும்போது எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பது? வேலை முடிந்து, மண்ணைத் தள்ளி மூடி, அது போன சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினேன்.

அன்று மத்தியானத்துக்குள் மஞ்சள் பூனையும் வந்துபோனது. சாயங்காலம், குட்டி போட்டிருந்த சாம்பல் பூனை வந்து குட்டிகளுக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தது. விதையெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. முளைத்தாலும் அந்தக் கீரையை அம்மன் முன்னால் கொண்டுவைக்க முடியுமா? அந்தப் பாத்தியை அதுகளுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, வீட்டுக்கு மேற்கே மைனியின் வேலியை ஒட்டி வேறு பாத்தி கொத்தினேன்.

என் வீட்டுக்காரர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் இன்னும் வைத்திருக்கிறார். "நீ கவலப்படாத, நான் பாத்துக்கிடுதேன்" என்று விசிலைத் தேடி எடுத்துக் கழுவி, கழுத்தில் மாட்டிக்கொண்டு நாற்காலி போட்டு இருந்தார். அவர் ஒரு விசில் கொடுத்தால் பூனை நின்று பார்த்தது. இரண்டு விசில் கொடுத்தால் புறப்பட்டது. ஆனால் பத்தடி போனதும் அடுத்த ஸ்டாப் வந்துவிட்டதுபோல் உட்கார்ந்துகொண்டது. ரோட்டில் போன ஆட்டோக்கள்தான் நின்று நின்று போயின. ஒரு ஆட்டோக்காரர் இறங்கி வந்து, "என்ன அண்ணாச்சி, எங்க போவணும்?" என்று கேட்டார். இவர் வெட்கப்பட்டுக்கொண்டு, "இல்ல தம்பி, பூனைக்காக்கும்" என்றார். ஆட்டோக்காரர் விசிலையும் பூனையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு சொட்டுநீலம் கலந்த தண்ணீரைப் பாட்டில்களில் அடைத்துப் பாத்தியைச் சுற்றி வைத்தோம். எங்கள் தெருவில் பாதி வாசல்களில் அந்த நீலப் பாட்டில் தொங்கும். நாய் வராது என்பார்கள். பூனைக்கு அந்த விவரம் தெரியவில்லை. மஞ்சள் பூனை ஒவ்வொரு பாட்டிலாக முகம் பார்த்துக்கொண்டு போனது. ஒரு பாட்டிலில் உடம்பைத் தேய்த்துச் சொறிந்தும் கொண்டது.

வீட்டுக்காரர் போனில் தேடினார். "பூனைக்கு எலுமிச்சை வாசம் ஆகாதாம், மிளகாப்பொடியும் ஆகாதாம்" என்று கண்டுபிடித்தார். எங்கள் மரத்திலேயே எலுமிச்சம்பழம் கொட்டிக்கிடக்கிறது. இரண்டாக அறுத்துப் பாத்தியின் நாலு மூலையிலும், வேலி ஓரம் நெடுகவும் வைத்தேன். பழத்தின் மேல் மிளகாய்ப்பொடி தூவினேன். இடையிடையே நீலப் பாட்டில் நின்றது. நடுவில் முதல் முளைகள் செக்கச்செவேல் என்று எட்டிப் பார்த்தன. பார்க்க அழகாக இருந்தது. யார் பார்த்தாலும் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மைனி வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்த வந்தவர் பார்த்தார். துணியைக் கொடியில் போடாமல் அப்படியே தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு நடைக்கு வந்துவிட்டார். என்னிடம் பேசவில்லை. தம்பியிடம் பேசினார்.

"ஏலே, நான் ஒங்களுக்கு என்னலே செய்தேன்?"

"என்னக்கா?"

"எலுமிச்சம்பழத்த அறுத்து, மிளகாப்பொடி தூவி, என் வீட்டப் பாக்க வரிசையா வச்சிருக்கா ஒம் பொண்டாட்டி. கூடோத்திரம் செய்யுகாளா எனக்கு? ரெண்டு நாளா முட்டுவலி கூடிப்போச்சேன்னு நானும் நெனச்சேன்!"

செய்வினையை எங்கள் பக்கம் கூடோத்திரம் என்போம். நான் அரிவாமணைக்குப் பின்னால் பலாக்கொட்டை நறுக்கிக்கொண்டு இருந்தேன். அப்படியே தரையோடு ஒட்டிப்போனேன். வீட்டுக்காரராவது விஷயத்தைச் சொல்வார் என்று பார்த்தால், அவருக்கும் அக்கா என்றால் பயம். அந்தப் பூனைகள் அக்காவின் உயிர். மூன்றுக்கும் தனித்தனித் தட்டு. தினமும் சாளைமீன் தலை அவித்துச் சோற்றில் பிசைந்து போடுவார். அப்படிப்பட்டவரிடம், "ஒங்க பூனைங்க எங்க பாத்தியில வந்து…" என்று ஆரம்பித்து எந்த வார்த்தையில் முடிப்பது? எனக்கு அந்த வார்த்தை வாயில் வராது.

"அது கீரைக்காக்கும் அக்கா. பூச்சி வராம இருக்க" என்று வீட்டுக்காரர் சமாளித்தார்.

"பூச்சிக்கு எலுமிச்சம்பழமா? நல்லாருக்குலே கத."

போய்விட்டார். அன்று சாயங்காலமே வேலிக்கு அந்தப் பக்கம் கல் உப்பும் வேப்பிலையும் கிடந்தன. கூடோத்திரத்துக்கு மாற்று. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், எலுமிச்சையும் மிளகாயும் பாதி பலித்தன. பூனைகள் அந்தக் காரியத்துக்கு மேற்குப் பாத்திக்கு வருவதில்லை. அதற்குக் கிணற்றடிப் பாத்தியே போதும் என்று வைத்துக்கொண்டன. கீரை மளமளவென்று வளர்ந்தது. காலையில் அதன் மேல் கையை வைத்தால் குளிர்ச்சி உச்சந்தலைவரை ஏறும். எனக்குத் துவரன் வாசம்கூட வர ஆரம்பித்துவிட்டது.

கொடைக்கு முந்தின வாரம் கோயிலில் கால்நாட்டு முடிந்தது. பந்தலுக்கு முதல் கால் நட்டுவிட்டால் குடும்பத்தில் எல்லா வீட்டிலும் விரதம். கொடை முடிகிறவரை மீன் கிடையாது, முட்டை கிடையாது. மீன்காரம்மா எங்கள் தெருவில் கூவாமலே தாண்டிப் போவாள். அதனால் கஷ்டப்பட்டது மனிதர்கள் இல்லை, மைனியின் பூனைகள். சாளைத்தலை தின்று வளர்ந்த உடம்பு. தயிர்ச்சோற்றைப் பார்த்து மூஞ்சியைச் சுளித்துவிட்டு, கோபத்தில் நேராக வந்து என் கீரைமேல் படுத்தன. எலுமிச்சையெல்லாம் காய்ந்து வாசம் போயிருந்தது. புதிது அறுத்து வைக்கலாம் என்றால், மைனி வேலியைப் பார்த்தபடியே நாற்காலி போட்டு இருந்தார். மூன்று பூனைகளும் நீட்டி நிமிர்ந்து படுத்த இடத்தில் கீரை பாய் விரித்ததுபோல் சாய்ந்தது. இப்படி இன்னும் ரெண்டு நாள் போனால் கொடைக்கு வேர்தான் மிஞ்சும்.

வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி மண்டைக்காட்டுக்குப் போனார். கடற்கரையில் அவருக்குப் பழைய பழக்கக்காரர் ஒருவர், மீன்பிடி வள்ளம் வைத்திருக்கிறார். அவரிடம் கிழிந்த வலை ஒன்றைக் கேட்டு வாங்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். வரும்போது பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் யாரும் உட்காரவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

பாத்தியைச் சுற்றி நாலு கம்பு நட்டு, வலையைப் பந்தல்போல் மேலே விரித்து, ஓரமெல்லாம் கல் வைத்து அழுத்தினோம். ஒரு எலிகூட நுழைய முடியாது. "பாத்தியாட்டி, எப்பிடி?" என்று அவர் விசிலை ஊதிக் காட்டினார். நானும் சிரித்துக்கொண்டு உள்ளே போய்ப் பாயசத்துக்குப் பயறு வறுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் வெயில் ஏறியது. வலை காய்ந்து சூடானது. அந்த வலை எத்தனை வருடம் கடலில் கிடந்ததோ, எத்தனை நெத்திலியும் சாளையும் அதில் செத்ததோ, அத்தனையும் ஒன்றாக எழுந்து வந்தது போல் ஒரு வாடை. வறுபடுகிற பயற்றையும் தாண்டி வந்தது.

நான் வெளியே ஓடிப்போய்ப் பார்த்தபோது மைனியின் பூனைகள் மூன்றும் வலைமேல் இருந்தன. கூடவே தெருப்பூனைகள். அறியாத பூனைகள். எங்கேயோ கலியாணத்துக்குப் போய்விட்டு வழியில் இறங்கினவை மாதிரி கழுத்தில் மணி கட்டின ஒரு வெள்ளைப்பூனை. ஒன்று வலையை நக்கியது, ஒன்று செதில் கடித்தது, இரண்டு சண்டை போட்டன. வலை தொட்டில்போல் தாழ்ந்து கீரைமேல் அழுந்தியது. வீட்டுக்காரர் விசில்மேல் விசிலாக ஊதிக்கொண்டு சுற்றிச்சுற்றி ஓடினார்.

"கால்நாட்டு முடிஞ்ச பெறவு வீட்டுல கருவாடு பொரிக்கியளா?"

மைனி. வேலிப் படலைத் திறந்துகொண்டு, மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு நின்றார்.

"முதல்ல கூடோத்திரம், இப்ப விரதத்துல மீனு! இந்தக் கையாலயாட்டி அம்மைக்குக் கீரை தரப் போற? ஒன் கீரை வேண்டாம். நான் கோயில்ல போய்ச் சொல்லுகேன். மார்த்தாண்டம் சந்தையில வாங்கிக்கிடட்டும்!"

கீரை வேண்டாம் என்ற சொல் என் காதில் விழுந்ததுதான் தெரியும். அதற்குப் பிறகு பேசியது நான்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

"மீனும் இல்ல, கூடோத்திரமும் இல்ல! எல்லாம் ஒங்க பூனைங்களுக்காக்கும் மைனி! முற்றம் முழுக்க, வேலி ஓரம் வரைக்கும், ஒரு சாண் மண்ணு தெரியாம கல்லு பதிச்சுப் போட்டியள்ளா, அதுங்க வெளிக்குப் போவ எங்க போவும்? மூணு பேருக்கும் மூணு தட்டு வாங்கி வச்சியளே, ஒரு கக்கூசு வச்சியளா? நான் விதைக்கப் பாத்தி கொத்தினா அதுல வந்து இருக்கு! எலுமிச்சம்பழம் வச்சா நான் சூனியக்காரி! வலை கெட்டினா நான் மீன் தின்னி! கொடைக்குச் சொன்ன கீரை மைனி அது! அம்மைக்குச் சொன்னது!"

வலைமேல் இருந்த பூனைகள்கூடச் சண்டையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தன. வீட்டுக்காரர் வாயிலிருந்த விசில் கீழே விழுந்தது. கக்கூசு என்று மைனியிடம் சொல்லிவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது. ஓடி ஒளியலாம் என்றால் வழியில் மைனி நின்றார்.

மைனி திரும்பித் தன் முற்றத்தைப் பார்த்தார். அவர் மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி இன்டர்லாக் கல் பதித்துக் கொடுத்தது. சிவப்பும் சாம்பலுமாகப் பளபளவென்று கிடந்தது. ஒரு புல் முளைக்க இடமில்லை. பிறகு கிணற்றடியைப் பார்த்தார். அங்கே சாம்பல் பூனையின் குட்டி ஒன்று, இந்தக் கலவரம் எதையும் கண்டுகொள்ளாமல், மண்ணைப் பறித்து உட்கார்ந்து தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

மைனிக்கு முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். மூக்கைப் பொத்தியிருந்த சேலையை எடுத்தார். சிரித்துச் சிரித்து வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

"எட்டி சவமே, இத நீ அன்னைக்கே சொல்லியிருக்கப்பிடாதா? நான் முட்டுவலிக்கு மந்திரவாதிய விளிச்சு மந்திரிச்சுல்லா வச்சிருக்கேன்!"

"எப்பிடி மைனி சொல்லது? வெக்கமா இருக்குல்லா."

"பூனை வெளிக்கிருக்கதுக்கு ஒனக்கு என்னட்டி வெக்கம்?"

வலையைச் சுருட்டிச் சாக்கில் கட்டி வீட்டுக்காரரிடம் கொடுத்து, உடனே கொண்டுபோய்த் தொலைத்துவிட்டு வரும்படி மைனி உத்தரவு போட்டார். இவர் மறுபடியும் பஸ்ஸில் தனிச்சீட்டில் போய்வந்தார். மைனி தன் வீட்டு முற்றத்தின் மூலையில் நாலு கல்லைப் பெயர்த்து, கட்டட வேலையில் மிஞ்சின மணலைக் கொட்டினார். "ஐயோ, மகன் பாத்தான்னா ஏசுவான்" என்று முனகிக்கொண்டே கொட்டினார். மஞ்சள் பூனை வந்து மணலை மோந்து பார்த்துவிட்டு, திரும்பி என் பாத்தியைப் பார்த்தது. "அங்கண பாத்த, கால முறிச்சிருவேன். இங்கண இரி!" என்றார் மைனி. அது இருந்தது. மைனி சொன்னால் பூனையும் கேட்கும்.

கொடைவரைக்கும் பகலெல்லாம் நானும் மைனியும் பாத்திக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு நாற்காலி போட்டுக் காவல் இருந்தோம். சாய்ந்த கீரை நிமிர்ந்தது. நிமிராததை மைனி ஈர்க்குச்சி ஊன்றி நிமிர்த்தினார். கொடையன்று விடிய அறுத்தோம். நான் கழுவ, மைனி பார்த்து, இன்னொரு தண்ணீர், இன்னொரு தண்ணீர் என்று சொல்லிச்சொல்லி, கிணற்றில் பாதியை இறைக்கவைத்துவிட்டார். கடைசித் தண்ணீரை வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இதுல நானே முகம் பாக்கலாம்" என்றார்.

ஆனால் கீரை குறைவாகத்தான் இருந்தது. உருளியில் வதங்கியபோது இன்னும் குறைந்தது. ஒரு இலைக்கு ஒரு நுள்ளு, அதாவது ஒரு கிள்ளு, வைத்தால் எல்லோருக்கும் வரும். அந்த நுள்ளை யார் கையில் கொடுப்பது என்று யோசிக்கும்போதே மைனி பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டார். "நான் விளம்புகேன். நீ வந்தா கேட்டவனுக்கெல்லாம் அள்ளி வச்சிருவ."

அம்மன் முன்னால் படைத்தாயிற்று. பந்தி தொடங்கியது. நான் சமையல்கட்டுத் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நறநறவென்று எந்தச் சத்தமும் வரவில்லை. கன்னியாகுமரியிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், எங்களுக்கு மாமா முறை, முதல் வரிசையில் இருந்தார். கீரையை வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"கொள்ளாமே! நல்ல ருசி. ஒரு மண்ணு கடிக்கல்ல. எங்க உள்ள கீரைம்மா இது?"

"நம்ம வீட்டுக் கீரையாக்கும் மாமா" என்றார் மைனி. பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வசதியாக நின்றார். அவர் அப்படி நின்றால் ஒரு கதை வரப்போகிறது என்று அர்த்தம். "இந்தக் கீரைய விளைய வைக்க நாங்க பட்ட பாடு இருக்கே! நம்ம வீட்டுப் பூனைங்க இருக்குல்லா, அதுங்க தெனமும் காலத்த எந்திச்சு வந்து…"

என் உயிர் போயிற்று. ஊர் முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. தட்டியை விலக்கிக்கொண்டு பந்திக்கு நடுவில் வந்து நின்றேன்.

"மைனி!"

பந்தி முழுக்கக் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. மாமா வாயில் இருந்த கீரையை விழுங்காமல் வைத்துக்கொண்டு பார்த்தார். மைனி என் முகத்தைப் பார்த்தார். பாத்திரத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"…காலத்த எந்திச்சு வந்து இந்தக் கீரைய திங்கணும்னு ஒரே அழுகை மாமா. பூனை! கீரை திங்குமா எங்கயாவது? அவ்வளவு ருசி!"

மாமா விழுங்கினார்.

"அப்படியா? அப்ப எனக்கு இன்னும் கொஞ்சம் வை" என்று இலையைத் தட்டிக் காட்டினார்.

மைனி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து, அவருக்கு இன்னொரு நுள்ளு வைத்தார்.